ஐந்து வயதுக்கு வீடு போதுமா?

ஐந்து வயதுக் குழந்தையை எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்று அனுப்பாமல், படப் புத்தகங்களையும் அன்றாட வீட்டு வாழ்க்கையையும் கொண்டே கற்பிக்க முடியுமா? அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இப்படிச் செய்கிற குடும்பங்கள் நிறைய உண்டு. நம் நகரங்களிலும் சில பெற்றோர் இதைப் பற்றி யோசிக்கிறார்கள். கேள்வி புதியதுபோலத் தோன்றினாலும் அதற்குச் சொல்லப்பட்ட விடைகளுக்கு ஏறத்தாழ நானூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. அந்த விடைகளில் பலவும் 'முடியும்', 'கூடாது' என்ற இரண்டு முனைகளில் போய் நின்றுவிட்டன. ஆனால் இந்த வயதுக் கல்வியில் சொல்வளம், எழுத்துக்கூட்டி வாசித்தல், எண்ணறிவு, பிற பிள்ளைகளோடு பழகுதல் எனப் பல சரடுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் தனியே எடுத்து விசாரித்தால் விடையும் வெவ்வேறாகவே வருகிறது. ஆய்வுகள் தருகிற சான்றுகளை அப்படிப் பிரித்துப் பார்ப்பதே இங்கே நோக்கம்.

தாய்மடிப் பள்ளி

பதினேழாம் நூற்றாண்டின் மொராவியக் கல்வியாளர் கொமேனியஸ், பிறந்தது முதல் ஆறு வயது வரையான காலத்தைத் தாயின் பள்ளி என்றே வகுத்தார். இதற்காக அவர் எழுதிய சிறு கையேடு 1633இல் ஜெர்மனில் வெளிவந்தது. நீர், நெருப்பு, மழை, மரம் எதுவென்று அறிவது இயற்கை அறிவியலின் தொடக்கம். கொஞ்சம், நிறைய என்று சொல்லத் தெரிவது கணக்கின் தொடக்கம் என்பது அதன் போக்கு. அதே கொமேனியஸ்தான் 1658இல் நியூரம்பர்க்கில் 'ஆர்பிஸ் பிக்டஸ்' என்ற நூலை வெளியிட்டார். உலகத்துப் பொருள்களைப் படமாகக் காட்டி, படத்துக்குள் எண் இட்டு, அந்த எண்ணுக்கு நேரே பெயரைச் சொல்லும் நூல் அது. குழந்தைகளுக்கான படப் புத்தகத்தின் வரலாற்றை அதிலிருந்து தொடங்குவது வழக்கம். ஆக, வீட்டுக் கல்வி, படப் புத்தகம் இரண்டும் ஒரே மனிதரின் சிந்தனையில் அருகருகே முளைத்தவை.

நூறாண்டு கழித்து ரூசோ வேறு பக்கம் இழுத்தார். 1762இல் வந்த 'எமீல்' நூலில் சிறுவனுக்குப் புத்தகமே வேண்டாம் என்கிறார். பொருள்களும் அனுபவமும் கற்பிக்கட்டும், வாசிப்பு பிறகு வரட்டும் என்பது அவர் வாதம். இன்று வீட்டுக் கல்விக்காரர்களில் ஒரு சாரார் பேசுவதன் வேர் இங்கே இருக்கிறது. ஆனால் எமீல் ஒரு கற்பனைச் சிறுவன். அவனுக்கென்று முழுநேர ஆசான் ஒருவர் கூடவே இருக்கிறார், வேறு வேலை எதுவும் இல்லாமல். அனுபவம் தானாகக் கற்பிக்கிறது என்று ரூசோ சொன்னாலும், ஒவ்வொரு அனுபவத்தையும் திரைக்குப் பின்னால் நின்று அமைப்பவர் அந்த ஆசான்தான்.

சுவிட்சர்லாந்தின் பெஸ்டலோட்ஸி இதே எண்ணத்தை ஓர் ஏழை வீட்டுக்குள் கொண்டுபோனார். 1781இல் வெளிவரத் தொடங்கிய அவருடைய நாவலில், கெர்ட்ரூட் என்ற தாய் பிள்ளைகளோடு நூல் நூற்றபடியே எண்ணக் கற்றுத்தருகிறாள். இழைகளை எண்ணுகிறார்கள், அறையின் நீளத்தை அடிவைத்து எண்ணுகிறார்கள். வேலையும் பாடமும் பிரியாத இந்தக் காட்சிக்கு இன்றும் ஈர்ப்பு உண்டு. அதன் பலவீனமும் வெளிப்படை. கெர்ட்ரூடைப் போல ஒரு தாய் எல்லா வீட்டிலும் இருக்க முடியுமா என்ற கேள்விக்கு நாவல் விடை சொல்வதில்லை.

வீட்டைப் பள்ளிக்குள் கொண்டுபோனவர்கள்

அந்தக் கேள்விக்கு அடுத்த தலைமுறை சொன்ன விடை நிறுவனம். ஃப்ரோபெல் 1837இல் ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்க்கில் தொடங்கிய விளையாட்டுக் கூடத்துக்கு 1840இல் கிண்டர்கார்ட்டன் என்று பெயரிட்டார். அப்போதும் அவர் தாயை விட்டுவிடவில்லை. 1844இல் அவர் வெளியிட்ட தாய்மார் பாடல் நூலில் தச்சர், ரொட்டி சுடுபவர் என அன்றாடத் தொழில்கள் படமும் விரல் விளையாட்டுமாக வருகின்றன.

1907இல் ரோம் நகரின் சான் லொரென்சோ குடியிருப்பில் மரியா மாண்டிசோரி திறந்த பள்ளியின் பெயரே குழந்தைகளின் இல்லம். துணி மடிப்பது, பொத்தான் போடுவது, நீர் ஊற்றுவது, தரை பெருக்குவது ஆகியவை அங்கே பாடங்கள். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து அவர் நடத்திய ஆசிரியர் பயிற்சிதான் நம் ஊர்களில் அந்த முறை பரவக் காரணமானது. சிகாகோவில் 1896இல் ஜான் டூவி தொடங்கிய பள்ளியிலும் சமையலும் நெசவும் தையலும் பாடங்களின் நடுவே இருந்தன.

இதிலுள்ள திருப்பம் கவனிக்க வேண்டியது. வீட்டில் நடப்பதையே வகுப்பறையில் திட்டமிட்டு நடத்துவதுதான் நல்ல மழலையர் பள்ளி என்று இவர்கள் நினைத்தார்கள். அப்படியானால் அசல் வீடு எந்த வகையில் குறைந்தது? அவர்கள் சொல்லும் விடைகள் மூன்று: பயிற்சி பெற்ற கண், திட்டமிட்ட சூழல், சக குழந்தைகள். இந்த மூன்றும் இருக்கிற மழலையர் பள்ளியோடு வீட்டை ஒப்பிடுவது ஒன்று; நாற்பது பிள்ளைகளை வரிசையில் உட்காரவைத்து எழுத்தைப் பக்கம் பக்கமாக எழுதச் சொல்லும் கூடத்தோடு ஒப்பிடுவது வேறொன்று. தமிழ்நாட்டில் இந்த விவாதம் நடக்கும்போது இவ்விரண்டும் அடிக்கடி குழம்பிப்போகின்றன.

பள்ளியிலிருந்து விலகியவர்கள்

இங்கிலாந்தின் சார்லட் மேசன் 1886இல் 'வீட்டுக் கல்வி' நூலை வெளியிட்டார். ஆறு வயதுக்கு முன் முறையான பாடம் கூடாது, குழந்தை நாளில் பல மணி நேரம் வெளியில் இருக்க வேண்டும், வாசிக்கக் கிடைப்பது உயிருள்ள நல்ல புத்தகமாக இருக்க வேண்டும், கேட்ட கதையைக் குழந்தை தன் சொல்லில் திரும்பச் சொல்ல வேண்டும் என்பன அவர் கொள்கைகள். கடைசியாகச் சொன்ன பழக்கம், பின்னாளில் ஆய்வுகள் தொட்ட ஒரு நரம்பை முன்கூட்டியே தொட்டது. ஆனால் அவர் மனத்தில் இருந்த முதல் வாசகர்கள் பணிப்பெண்கள் வைத்திருந்த வசதியான வீட்டுத் தாய்மார்கள்.

அமெரிக்காவில் இரண்டு வேறு திசைகளிலிருந்து இயக்கம் கிளம்பியது. ஜான் ஹோல்ட் 1960களில் பள்ளி குழந்தைகளை எப்படித் தோற்கடிக்கிறது என்று எழுதியவர். 1977இல் வீட்டுக் கல்விக் குடும்பங்களுக்காகவே ஓர் இதழைத் தொடங்கினார். வாழ்க்கையிலிருந்து கற்பதைத் தனியாகக் கற்பிக்க வேண்டியதில்லை என்பது அவர் நிலை. ரேமண்ட் மூர், டாரத்தி மூர் தம்பதியர் 1975இல் 'முந்துவதைவிடப் பிந்துவது மேல்' என்ற பொருள்பட ஒரு நூல் எழுதினார்கள். எட்டு வயதோ அதற்கு மேலோ ஆகும்வரை முறையான பாடத்தைத் தள்ளிப்போடச் சொன்னார்கள்.

தள்ளிப்போடுவதற்கு ஓரளவு ஆதரவு உண்டு. ஃபின்லாந்தில் பள்ளி ஏழு வயதில்தான் தொடங்குகிறது. நியூசிலாந்தில் செபாஸ்டியன் சுகேட்டும் சகாக்களும் செய்த ஒப்பீட்டில், ஏழில் வாசிக்கத் தொடங்கியவர்கள் பதினொரு வயதளவில் ஐந்தில் தொடங்கியவர்களை எட்டிப்பிடித்திருந்தார்கள். ஆனால் இவை ஒழுங்கான பாடம் தாமதமாகத் தொடங்குவதைப் பற்றிய சான்றுகள். அதுவரை வீட்டில் இருப்பதே நல்லது என்பதற்கான சான்றாக இவற்றைக் கொள்ள முடியாது. ஃபின்லாந்திலேயே 2015 முதல் ஆறு வயதில் ஓராண்டு முன்பள்ளி கட்டாயம்.

படப் புத்தகத்தையே அச்சாக வைத்த திட்டங்களில் பெயர்பெற்றது ஜேன் லாம்பர்ட் 1994இல் வெளியிட்ட 'ஃபைவ் இன் எ ரோ'. ஒரே புத்தகத்தை வாரத்தில் ஐந்து நாள் வாசிக்க வேண்டும். ஒரு நாள் அதிலுள்ள ஊரும் மக்களும், ஒரு நாள் மொழி, ஒரு நாள் ஓவியம், ஒரு நாள் கணக்கு, ஒரு நாள் அறிவியல். யாங்சி ஆற்றில் படகை விட்டுத் தொலைந்துபோகும் வாத்துக் குஞ்சின் கதையான 'பிங்' (1933) அதில் எடுத்தாளப்படும் நூல்களில் ஒன்று. ஆறு, படகு, சீன நிலப்படம், எது மிதக்கும் எது மூழ்கும் என்று பேச்சு விரியும். இந்தத் திட்டம் எழுத்துக்கூட்டி வாசிப்பதையும் அடிப்படைக் கணக்கையும் தனியே கற்பித்துக்கொள்ளச் சொல்கிறது. அந்த நேர்மை முக்கியம். ஏனென்று அடுத்து வரும் ஆய்வுகள் காட்டுகின்றன.

படப் புத்தகம் தருவதும் தராததும்

படப் புத்தகம் சொல்வளத்தைத் தருகிறது என்பதில் ஐயம் குறைவு. மான்டாக், ஜோன்ஸ், ஸ்மித் ஆகியோர் 2015இல் நூறு ஆங்கிலப் படப் புத்தகங்களின் சொற்களைப் பெரியவர்கள் குழந்தைகளிடம் பேசும் பேச்சோடு ஒப்பிட்டார்கள். புத்தகங்களில்தான் வெவ்வேறு சொற்கள் அதிகம். காரணம் எளியது. வீட்டுப் பேச்சு சோறு, குளியல், தூக்கம் என்று கண்முன் இருப்பதையே சுற்றும். புத்தகம் காட்டுக்கும் கடலுக்கும் கரடியின் குகைக்கும் போகும்.

எப்படி வாசிக்கிறோம் என்பதும் பொருட்டாகிறது. வைட்ஹர்ஸ்டும் குழுவினரும் 1988இல் வெளியிட்ட சோதனையில், வெறுமனே வாசித்துக்கொண்டு போகாமல் கேள்வி கேட்டு, குழந்தை சொன்னதை விரித்துச் சொல்லி, அதன் வாயிலிருந்தே கதையை வரவழைக்கும்படி பெற்றோருக்குக் கற்றுத்தந்தார்கள். சில வாரங்களிலேயே குழந்தைகளின் பேச்சில் முன்னேற்றம் தெரிந்தது. மேசன் சொன்ன 'திரும்பச் சொல்லுதல்' இதற்கு நெருங்கிய உறவு. ஆனால் அந்தக் குழந்தைகள் இரண்டு, இரண்டரை வயதினர். 2008இல் மோல், பஸ் முதலியோர் இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நான்கு, ஐந்து வயதில் இந்த முறையின் கூடுதல் பலன் வெகுவாகக் குறைவதைக் கண்டார்கள். மழலையர் வகுப்பு வயதுக்கு இதையே முழு மருந்தாகப் பரிந்துரைப்பவர்கள் இந்த முடிவை அதிகம் பேசுவதில்லை.

இனி எழுத்து. மடியில் உட்காரவைத்து நாள்தோறும் வாசித்துக் காட்டினால் குழந்தை தானே வாசிக்கக் கற்றுக்கொள்ளும் என்பது பரவலான நம்பிக்கை. கண்ணசைவைப் பதிவு செய்யும் கருவியோடு எவன்ஸும் செயின்ட்-ஆபினும் 2005இல் வெளியிட்ட ஆய்வு இதை அசைத்தது. கதை கேட்கும் குழந்தைகளின் கண் படத்தின் மேலேயே இருந்தது. எழுத்தின் பக்கம் அநேகமாகப் போகவே இல்லை. கனடாவில் செனெஷாலும் லெஃபெவ்ரும் 168 குழந்தைகளை ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்து 2002இல் சொன்னது இன்னும் தெளிவானது. கதைப் புத்தக அனுபவம் சொல்வளத்தோடும் கேட்டுப் புரிந்துகொள்வதோடும் இணைகிறது. பெற்றோர் எழுத்தையும் சொல்லையும் நேரடியாகக் கற்றுத்தருவது தொடக்க எழுத்தறிவோடு இணைகிறது. இவ்விரண்டும் வீடுகளில் சேர்ந்தே நடப்பவையும் அல்ல. நிறையக் கதை வாசிக்கும் வீடு எழுத்துக் கற்றுத்தராததாக இருக்கலாம், எழுத்துக் கற்றுத்தரும் வீட்டில் கதையே இல்லாமலும் இருக்கலாம்.

டோலரஸ் டர்கின் 1966இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒத்துப்போகிறது. பள்ளிக்கு வருமுன்பே வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளின் வீடுகளில் அவர் கண்டவை: கதை வாசித்துக் காட்டுபவர்கள், கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்லும் அம்மாவோ அக்காவோ, காகிதமும் பென்சிலும். வாசிப்பு பல குழந்தைகளிடம் கிறுக்கலில் தொடங்கி எழுத்து வழியாக வந்திருந்தது. யாரோ ஒருவர் 'இது என்ன எழுத்து' என்ற கேள்விக்குத் திரும்பத் திரும்ப விடை சொல்லியிருக்கிறார். அதுவும் கற்பித்தல்தான்.

புத்தகம் நிறைந்த வீடு மட்டுமே போதும் என்பதையும் ஷர்லி பிரைஸ் ஹீத் 1983இல் கேள்விக்குள்ளாக்கினார். கரோலைனாப் பகுதியில் இரண்டு உழைக்கும் மக்கள் ஊர்களில் ஆண்டுக்கணக்கில் பழகி எழுதிய நூல் அது. ரோட்வில் என்று அவர் பெயரிட்ட ஊரில் குழந்தைகளுக்குப் புத்தகம் இருந்தது. 'இது என்ன?' 'மாடு' என்ற வகைக் கேள்விகளோடு வாசிப்பும் நடந்தது. அந்தப் பிள்ளைகள் தொடக்க வகுப்புகளில் நன்றாகச் செய்து, புத்தகத்துக்கு வெளியே யோசிக்கச் சொன்ன வகுப்புகளில் தடுமாறினார்கள். படத்தைக் காட்டிப் பெயர் கேட்பதோடு நின்றுவிடும் வாசிப்புக்கு எல்லை உண்டு.

அடுப்படியும் கடைத்தெருவும்

அன்றாட வாழ்க்கையின் பக்கம் இருக்கும் ஆகச் சிறந்த சான்று பார்பரா டிசார்டும் மார்ட்டின் ஹியூஸும் 1984இல் வெளியிட்ட ஆய்வு. நான்கு வயதை எட்டும் முப்பது சிறுமிகள். காலையில் மழலையர் பள்ளி, மதியம் தாயோடு வீடு. இரு இடப் பேச்சையும் ஒலிப்பதிவு செய்தார்கள். வீட்டில் உரையாடல் நீண்டது, குழந்தை அதிகம் கேட்டாள், விடை திருப்தி தராவிட்டால் விடாமல் கேட்டாள். பள்ளியில் அதே குழந்தை ஆசிரியையின் கேள்விக்கு ஓரிரு சொல்லில் பதில் சொன்னாள். இது வசதியான வீடுகளில் மட்டும் நிகழவில்லை. உழைக்கும் வர்க்க வீடுகளிலும் அப்படித்தான். துணி மடிக்கும்போதும் தேநீர் போடும்போதும் கடைக்கான பட்டியல் எழுதும்போதும்தான் பல நல்ல உரையாடல்கள் நடந்தன. ஏழை வீட்டுக் குழந்தைக்கு வீட்டில் பேச்சே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்த கல்வித்துறைக்கு இது கடும் பதில். வரம்பும் உண்டு: சிறுமிகள் மட்டும், ஒரே நாட்டில், மதியத்தில் தாய் வீட்டில் இருக்கும் குடும்பங்கள் மட்டும்.

கணக்கில் நிலைமை கொஞ்சம் சிக்கலானது. பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் இளநீரும் பழமும் விற்ற பிள்ளைகள் ஐந்து பேரை ஆராய்ந்து 1985இல் வெளிவந்த கட்டுரையின்படி, வியாபாரத்தில் 98 சதவீதம் சரியாகக் கணக்கிட்டவர்கள் அதே கணக்கைத் தாளில் வெறும் எண்ணாகக் கொடுத்தபோது 37 சதவீதமே சரியாகச் செய்தார்கள். வாழ்க்கைக் கணக்கு உண்மையான கணக்கு. ஆனால் தாளுக்குத் தானாக மாறிவிடாது. அவர்கள் ஒன்பது முதல் பதினைந்து வயதினர் என்பதால், ஐந்து வயதுக்கு இதை நேராகப் பொருத்தவும் கூடாது.

ஐந்து வயதுக்கு இன்னும் பக்கத்தில் வருவது சீக்லரும் ரமணியும் 2008இல் செய்த சோதனை. ஒன்று முதல் பத்து வரை நேர்வரிசையில் எண் எழுதிய பலகையில், ஒவ்வொரு கட்டத்தின் எண்ணையும் உரக்கச் சொல்லி நகர்த்தும் விளையாட்டு. கால் மணி நேரம் வீதம் நான்கு அமர்வுகளே. வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளின் எண்ணறிவு கண்கூடாக உயர்ந்தது. பின்னர் வட்டமான பலகையில் ஆடவைத்தபோது அந்தப் பலன் வரவில்லை. அதனால் பல்லாங்குழியும் தாயமும் கணக்குக் கற்றுத்தரும் என்று பொதுவாகப் பெருமைப்படுவதைவிட, எண்ணை உரக்கச் சொல்லி ஆடுகிறோமா, பலகையில் எண்கள் வரிசையாகத் தெரிகின்றனவா என்று பார்ப்பது பயன் தரலாம். அந்த அளவில் நம் பரமபத அட்டைக்கு ஒரு மதிப்பு இருக்கக்கூடும். அதன் வளைந்து ஏறும் வரிசை குழந்தைக்கு உதவுமா குழப்புமா என்பது சோதித்துப் பார்க்க வேண்டியது.

தமிழில் செய்யும்போது

மேலே வந்தவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலத்தைப் பற்றியவை. தமிழ் வீட்டுக்கு இரண்டு இடங்களில் வழி மாறுகிறது.

ஒன்று, எழுத்து. ஆங்கிலத்தில் 26 எழுத்தைக் கற்பது சீக்கிரம் முடியும், ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள குழப்பம் பல ஆண்டு நீளும். தமிழில் ஒழுங்கு தெளிவு, ஆனால் உயிர்மெய் வரிசை நீளம். கன்னடக் குழந்தைகளைப் பற்றிய சோனாலி நாகின் 2007 ஆய்வு, இத்தகைய எழுத்துமுறையில் எழுத்துகளைக் கற்பதே தொடக்கப் பள்ளியின் பல வகுப்புகள்வரை நீள்வதைக் காட்டியது. ஆக, ஐந்து வயதில் எல்லா எழுத்தும் தெரிந்தாக வேண்டும் என்ற அவசரத்துக்குப் பெரிய அடிப்படை இல்லை. வரிசையாக மனப்பாடம் செய்வதற்குப் பதில் குழந்தையின் பெயரிலும் கதையிலும் வரும் எழுத்துகளிலிருந்து தொடங்குவது இயல்பான வழியாகத் தோன்றுகிறது. எங்காவது தொடங்கி யாராவது சொல்லித்தர வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை.

இரண்டு, பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள இடைவெளி. படப் புத்தகத்தில் 'அவன் ஓடிக்கொண்டிருந்தான்' என்று இருப்பதை அம்மா 'ஓடிக்கிட்டு இருந்தான்' என்று மாற்றி வாசிப்பாள். குழந்தைக்கு உடனே புரிய அது உதவும். ஆனால் எழுத்துத் தமிழ் காதில் விழும் வாய்ப்பு அங்கே நழுவுகிறது. இதே நிலை அரபு மொழியிலும் உண்டு. இஸ்ரேலின் அரபு மழலையர் வகுப்புகளில் சில மாதங்கள் இலக்கிய அரபியிலேயே கதை வாசித்துக் காட்டியபோது, அந்தப் பிள்ளைகள் அம்மொழியில் கேட்டுப் புரிந்துகொள்வதிலும் கதை சொல்வதிலும் முன்னேறியதாக ஃபைட்டெல்சன் முதலியோர் 1993இல் எழுதினார்கள். முதலில் பேச்சுத் தமிழில் கதையைச் சொல்லிவிட்டு, பிறகு புத்தகத்தில் உள்ளபடியே வாசிப்பது தமிழ் வீட்டுக்குப் பொருந்தலாம். ஒரே புத்தகத்தைப் பல நாள் வாசிக்கும் முறை இதற்கு நல்ல இடம் தருகிறது. தூலிகா, தாரா, பிரதம், நேஷனல் புக் டிரஸ்ட் போன்றவற்றின் நூல்கள் இருப்பதால் தமிழில் புத்தகமே இல்லை என்று இப்போது சொல்ல முடியாது.

சட்டம் எங்கே நிற்கிறது

இங்கே சுருக்கமாகச் சொன்னால் போதும். வீட்டுக் கல்வியைத் தடை செய்யும் ஜெர்மனியில்கூட மழலையர் பள்ளி கட்டாயமில்லை. 2006இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அந்நாட்டின் தடையை ஏற்றது பள்ளி வயதுப் பிள்ளைகளைப் பற்றி. பிரான்ஸ் எதிர்த்திசையில் போயிருக்கிறது: 2019 முதல் மூன்று வயதிலேயே கல்வி கட்டாயம், 2022 முதல் வீட்டில் கற்பிக்க முன்அனுமதி தேவை. இந்தியாவில் 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயதைத் தழுவுவது. ஐந்து வயது அதன் கட்டாயத்துக்குள் வராது.

ஒப்பீடுகளும் யாருடைய நேரம் என்பதும்

வீட்டில் படித்தவர்கள் தேர்வுகளில் மிக உயர்ந்து நிற்பதாக அமெரிக்காவிலிருந்து வரும் கணக்குகள் பெரும்பாலும் தாமாக முன்வந்த குடும்பங்களின் கணக்குகள். அவற்றை வைத்து வீட்டுக் கல்வியே காரணம் என்று சொல்ல முடியாது. கவனமாகச் செய்யப்பட்ட சிறிய ஒப்பீடு ஒன்று கனடாவிலிருந்து 2011இல் வந்தது. ஐந்து முதல் பத்து வயது வரை, வீட்டில் கற்ற 37 பேர், பள்ளியில் கற்ற 37 பேர். ஒழுங்கான திட்டத்தோடு வீட்டில் கற்றவர்கள் பள்ளிப் பிள்ளைகளைவிட நன்றாகச் செய்தார்கள். திட்டமே இல்லாமல் விடப்பட்ட பன்னிரண்டு பேர் பின்தங்கினார்கள். எண்ணிக்கை மிகச் சிறியது. ஆனாலும் அது சுட்டும் திசை, எழுத்தறிவு ஆய்வுகள் சுட்டும் திசையேதான். ஹோல்ட் சொன்ன முழுச் சுதந்திரத்துக்கு இதுவரை கிடைத்த சான்று மெலிந்தது.

பள்ளியின் பக்கமும் சான்று ஒருமுகமாக இல்லை. மிச்சிகனில் 1962இல் தொடங்கிய பெர்ரி முன்பள்ளித் திட்டத்தில் இருந்த 123 ஏழைக் குழந்தைகளில், முன்பள்ளிக்குப் போனவர்கள் பெரியவர்களானபின் பலவகையில் மேலாக இருந்தார்கள். டென்னசி மாநிலத்தின் முன்பள்ளிகளுக்கு விண்ணப்பித்த ஏறத்தாழ 3,000 குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வோ, இடம் கிடைத்தவர்கள் ஆறாம் வகுப்பில் இடம் கிடைக்காதவர்களைவிடச் சற்றுப் பின்தங்கியிருந்ததாக 2022இல் சொன்னது. பெர்ரி ஆசிரியர்கள் வாரம் ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் போய்த் தாயோடும் குழந்தையோடும் உட்கார்ந்தார்கள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அந்தப் பழைய சோதனையில் பள்ளியும் வீடும் ஒன்றுக்கொன்று மாற்றாக இருக்கவில்லை.

இந்த நூல்கள், ஆய்வுகள் எல்லாவற்றிலும் அடங்கிய குரலில் ஒலிக்கும் கேள்வி, இதற்கெல்லாம் நேரம் யாருடையது என்பது. கொமேனியஸ் தொடங்கி டிசார்ட் வரை அந்த நேரம் தாயுடையது. கூலிக்குப் போகிற, பின்னலாடை ஆலையில் ஷிப்டு பார்க்கிற தாய்க்கு 'வாழ்க்கையே பாடம்' என்று சொல்வது அவள் மேல் இன்னொரு பாரத்தை ஏற்றுவதாகும். தாத்தாவும் பாட்டியும் அப்பாவும் அண்டைவீட்டாரும் இந்த வேலையைப் பகிரும்போது குழந்தைக்குக் கிடைப்பது என்ன என்று அளந்த ஆய்வுகள், தாயை மட்டும் அளந்தவற்றைவிட மிகக் குறைவு.

தீராமல் இருப்பவை

சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால் இவ்வளவு சொல்லலாம். சொல்வளத்துக்கும் ஆராய்ந்து கேட்கும் பழக்கத்துக்கும் வீட்டுப் பேச்சும் படப் புத்தகமும் பெரும்பாலான மழலையர் வகுப்புகளுக்கு ஈடாகவோ மேலாகவோ இருக்கக்கூடும். எண்ணறிவுக்கு அவை நல்ல தொடக்கம், யாரேனும் எண்ணை எண்ணாகச் சுட்டிக்காட்டினால். எழுத்துக்கு அவை போதா. நாளில் சில நிமிட நேரடிக் கற்பித்தல் கூடவே வேண்டும். சக குழந்தைகளோடு பழகுவதைப் பற்றிய ஆய்வுகள் இரு தரப்பும் சொல்லுமளவுக்கு உறுதியானவை அல்ல; ஒற்றைப் பிள்ளை இருக்கும் அடுக்குமாடி வீட்டையும், உறவுப் பிள்ளைகள் நிறைந்த தெருவையும் ஒரே தட்டில் வைக்கவும் முடியாது.

நேரடியாக விடை காணப்படாதவை இவை: ஓராண்டு வீட்டில் இருந்துவிட்டு ஒன்றாம் வகுப்பில் சேரும் குழந்தைக்கு அந்த மாற்றம் எப்படி அமைகிறது, ஆங்கிலவழிப் பள்ளிக்குப் போகவிருக்கும் தமிழ்க் குழந்தைக்கு எந்த மொழிப் படப் புத்தகத்தில் எவ்வளவு நேரம் செலவிடுவது, அரசு அங்கன்வாடியில் பாதி நாளும் வீட்டில் பாதி நாளுமாக இருக்கும் குழந்தைக்கு இரண்டின் பலனும் சேருமா என்பவை. மூன்றாவது கேள்வி தமிழ்நாட்டின் பல இலட்சம் குழந்தைகளைத் தொடுவது. டிசார்டும் ஹியூஸும் செய்ததுபோல அங்கன்வாடியிலும் வீட்டிலும் ஒரே குழந்தையின் பேச்சைப் பதிவு செய்து ஒப்பிட்டால், தமிழில் அதற்கான விடை தொடங்கும்.